எஃகா, கான்கிரீட்டா? மோட்டார்வே நடுத்தடுப்பும் சாலைப்பணியின் உண்மையான செலவும்

பிரிட்டனில் ஒரு மோட்டார்வேயில், அதாவது அதிவேக நெடுஞ்சாலையில், இரு திசை ஓட்டங்களையும் பிரிக்கும் நடுத்தடுப்பு ஆயுள் முடிந்து மாற்ற வேண்டிய நிலைக்கு வந்தால், பொறியாளர் முன் வரும் கேள்வி ஒன்றுதான்: பழையபடி எஃகு வேலியே போடுவதா, கான்கிரீட் சுவர் எழுப்புவதா? ஒப்பந்தப்புள்ளியில் மீட்டருக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கும் விலையை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் எஃகுதான் மலிவு. ஆனால் அந்த விலை, செலவுக் கணக்கின் முதல் வரி மட்டுமே. தடுப்பைப் போடும்போதும், வாகனம் இடித்தபின் சரிசெய்யும்போதும், ஆயுள் முடிந்து கழற்றும்போதும் ஒவ்வொரு முறையும் சாலையில் தடம் மூடவேண்டும். அந்தச் செலவு ஒப்பந்தப்புள்ளியில் வராது. லண்டனிலிருந்து கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் லெஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் உட்பட, சாலையில் காத்து நிற்கும் எல்லோரும் அதைத் தங்கள் நேரத்தால் கட்டுகிறார்கள். கூம்புகளுக்கு நடுவே நின்று வேலைசெய்யும் தொழிலாளி அதை உயிராபத்தாகச் சுமக்கிறார்.

எனக்கு இதில் தெளிவான நிலைப்பாடு உண்டு. ஒரு தடுப்பின் ஆயுட்காலம் முழுவதிலும் அதற்காக எத்தனை இரவுகள் சாலையை மூட நேரும் என்பதை முதலில் எண்ண வேண்டும். பவுண்டுக் கணக்கு அதற்குப் பிறகு வரட்டும். அப்படி எண்ணினால், நெரிசலான மோட்டார்வேயில் கான்கிரீட்தான் சரி. ஆனால் எல்லா மோட்டார்வேயும் நெரிசலானது இல்லை. நன்றாக இருக்கும் எஃகை அவசரப்பட்டுப் பிடுங்குவதும் நியாயமில்லை.

1959 நவம்பரில், லண்டனிலிருந்து வடக்கே போகும் எம்1 மோட்டார்வே திறக்கப்பட்டபோது இரு திசைகளுக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது. வேக வரம்பும் கிடையாது. மணிக்கு 70 மைல் என்ற வரம்பு 1965 டிசம்பரில்தான் வந்தது. வாகனங்கள் பெருகி, கட்டுப்பாடு இழந்த கார்கள் நடுப்பகுதியைத் தாண்டி எதிர்த்திசைக்குப் பாய்வது பெருங்கவலையான பிறகே நடுத்தடுப்பு வழக்கத்துக்கு வந்தது. அன்று தேர்ந்துகொண்டது எஃகு: நெளிவு கொடுத்த நீண்ட தகடு, அதைத் தாங்கும் மெல்லிய கம்பங்கள். பிரிட்டனில் இரு தலைமுறை ஓட்டுநர்கள் அந்தச் சாம்பல் நிற நெளிதகட்டைப் பார்த்தபடியே வண்டி ஓட்டினார்கள்.

2005 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹைவேஸ் ஏஜென்சி, அதாவது இன்றைய நேஷனல் ஹைவேஸ் அமைப்பின் முன்னோடி, கொள்கையை மாற்றியது. இரு திசைகளும் சேர்த்து நாளொன்றுக்கு 25,000 வாகனங்களோ அதற்கு மேலோ செல்லும் மோட்டார்வேகளில், புதிதாகப் போடும் நடுத்தடுப்பு உறுதியான கான்கிரீட்டாக இருக்க வேண்டும், அதன் ஆயுள் 50 ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது என்பது புதிய விதி. லண்டனைச் சுற்றிவரும் எம்25-இன் மேற்குப் பக்கத்தில் சில பகுதிகளில் நாளுக்கு 2 லட்சம் வாகனங்கள் ஓடுகின்றன என்பதை வைத்துப் பார்த்தால் 25,000 என்பது தாழ்வான வாசல். நாட்டின் மோட்டார்வேகளில் பெரும்பகுதி அதைத் தாண்டிவிடும். வாசலை இவ்வளவு கீழே வைத்ததற்குக் காரணம் விபத்துப் பாதுகாப்பு மட்டுமில்லை. பழுதுபார்ப்புக்காகச் சாலையை மூடுவதைக் குறைக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

இரண்டு தடுப்புகளும் வேலைசெய்யும் விதமே வேறு. எஃகு வேலி விட்டுக்கொடுத்துத் தடுக்கிறது. கார் மோதியதும் கம்பங்கள் மடங்கும், தகடு கம்பத்திலிருந்து விடுபட்டு நாண்போல இழுபடும், வண்டியின் வேகம் அந்த வளைவிலேயே கரையும். உள்ளே இருப்பவரின் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் அது இதமானது. கான்கிரீட் சுவர் அசையாது. சிறிய கோணத்தில் உரசும் வண்டியின் சக்கரம் சுவரின் அடிப்படியில் ஏறி, உராய்ந்து, போக்குவரத்து ஓடும் திசைக்கே திரும்பிவிடும். பிரிட்டனில் பரவலாகப் போடப்படும் படிவடிவச் சுவர் 900 மில்லிமீட்டர் உயரமும் அடியில் அரை மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் கொண்டது. மேல் பகுதி ஒடுங்கியிருக்கும். கீழே ஒரு படி. அமெரிக்காவின் நியூ ஜெர்சி வடிவத்தில் அடிப்பகுதி சாய்ந்திருப்பதால் சிறிய கார்கள் அதன் மேல் ஏறிக் கவிழும் அபாயம் இருந்தது. படிவடிவம் அந்த ஏற்றத்தைக் குறைக்கிறது.

எவ்வளவு மோதலைத் தாங்கும் என்பதை ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 1317 வகுத்திருக்கிறது. சாதாரண எஃகு வேலிக்குரிய என்2 வகையின் முக்கியச் சோதனை, ஒன்றரை டன் கார் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் 20 பாகைக் கோணத்தில் மோதுவது. படிவடிவக் கான்கிரீட் எச்2 வகையில் வருகிறது. அங்கே மோதுவது 13 டன் பேருந்து, வேகம் 70 கிலோமீட்டர், கோணம் அதே 20 பாகை. தடுப்பை நோக்கிப் பக்கவாட்டில் பாயும் ஆற்றலைக் கணக்கிட்டால் முதலாவது சுமார் 82 கிலோஜூல், இரண்டாவது சுமார் 287 கிலோஜூல். மூன்றரை மடங்கு.

கான்கிரீட்டை ஆதரிப்பவர்கள் இந்த எண்ணோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். அடுத்த படியையும் போட்டுப் பார்ப்பதுதான் நேர்மை. பிரிட்டனில் அனுமதிக்கப்படும் முழு எடை லாரி 44 டன். வேகக்கட்டுப்பாட்டுக் கருவி அதை மணிக்கு 56 மைலில் நிறுத்தும். அந்த லாரி அதே 20 பாகையில் மோதினால் பக்கவாட்டு ஆற்றல் 1,600 கிலோஜூலைத் தொடும். எச்2 சோதனையைப்போல ஐந்து மடங்குக்கு மேல். அதைத் தடுக்கும் என்று அந்தச் சுவரின் சான்றிதழ் எங்கும் சொல்லவில்லை. ஆனால் கோணம் 8 பாகையாக இருந்தால் அதே லாரியின் ஆற்றல் 270 கிலோஜூலுக்குள் வந்துவிடுகிறது. தூங்கிவிழும் ஓட்டுநரின் லாரி பெரும்பாலும் இப்படிச் சிறிய கோணத்தில்தான் விலகிப் போகும். கான்கிரீட்டின் பலன் இங்கேதான் இருக்கிறது: எல்லா லாரியையும் தடுக்கும் என்ற வாக்குறுதி அதற்குக் கிடையாது, ஆனால் கார் வேலி தாங்காத பல மோதல்களை அது தாங்கும். எஃகிலும் எச்2 வகையும் அதைவிட வலுவான எச்4 வகையும் உண்டு. ஆகவே தாங்குதிறனுக்காகவே கான்கிரீட் வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்த வாதம் முழுமையானதில்லை. தரநிலை திறனைச் சொல்லட்டும், பொருளைச் சொல்ல வேண்டாம் என்று எஃகுத் தரப்பு கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கான்கிரீட்டை முன்னுக்குக் கொண்டுவருவது பழுதுபார்க்கும் இரவு. அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

ஒரு வேன் நடுவேலியில் உரசுகிறது. யாருக்கும் அடியில்லை, வண்டியை இழுத்துப் போய்விட்டார்கள். வேலியில் நான்கைந்து கம்பங்கள் சாய்ந்து, தகடு எதிர்த்திசைப் பக்கம் பிதுங்கியிருக்கிறது. இழுவிசையில் நிற்கும் வேலி என்றால் இன்னும் சிக்கல். இடிபட்ட இடம் சிறிதாக இருந்தாலும் அக்கம்பக்கத்து நீளமும் தளர்ந்துவிடும். அடுத்து வரும் வண்டியை அது தடுக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் உடனே அந்த இடத்தில் கூம்பு வைக்கிறார்கள், வேகத்தைக் குறைக்கிறார்கள். பிறகு ஓர் இரவைப் பதிவு செய்ய வேண்டும்.

அந்த இரவில் இரு திசைகளிலும் தடம் மூடப்படும். பலர் கவனிக்காத விஷயம் இது. சாலையோர வேலியைச் சரிசெய்ய ஒரு பக்கத்து ஓரத் தடம் போதும். நடுவேலியைச் சரிசெய்பவர் நிற்பது இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே. அவர் முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. ஆகவே வடக்கு நோக்கிய பக்கத்தில் விரைவுத் தடம் ஒன்று, தெற்கு நோக்கிய பக்கத்தில் ஒன்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் எச்சரிக்கைப் பலகைகள், பல நூறு மீட்டருக்கு நீளும் கூம்பு வரிசை, பின்னாலிருந்து வரும் வண்டி மோதினால் தாங்குவதற்குப் பின்புறத்தில் மெத்தைபோன்ற அமைப்புள்ள பாதுகாப்பு லாரி. அதற்கென ஒரு குழு. வேலி சரிசெய்ய வந்த குழு தனி. அவர்கள் செய்வது என்னவோ நான்கு கம்பம் பிடுங்கி, நான்கு கம்பம் நட்டு, தகட்டை முடுக்கி, இழுவிசையைச் சரிபார்க்கும் வேலைதான். கம்பத்தின் விலையை இந்த ஏற்பாட்டின் செலவோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

பலகை வைக்கப் போகிறவர் ஓடும் சாலையைக் கால்நடையாகக் குறுக்கே கடக்க வேண்டிய நிலை பல காலம் இருந்தது. கையில் பலகையுடன், இருட்டில், 70 மைல் வேகத்தில் வரும் விளக்குகளைக் கணக்குப் பார்த்து ஓட வேண்டும். இந்தக் கடப்பைக் குறைப்பதே ஒரு பெரிய பாதுகாப்பு இலக்காக ஆனது. கடக்கவே தேவையில்லாத வேலைதான் பாதுகாப்பான வேலை. கான்கிரீட் சுவரில் அதே வேன் உரசினால் பெயிண்ட் கோடும் டயர் கறுப்பும் மிஞ்சும். வண்டியையும் சிதறலையும் அகற்றியதும் தடத்தைத் திறந்துவிடலாம். அந்தக் குழுவும் கூம்பு வரிசையும் பாதுகாப்பு லாரியும் வரவே வேண்டாம். 50 ஆண்டுகளில் ஒரு நெரிசலான பாதையில் இப்படி எத்தனை இரவுகள் மிச்சமாகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒரு காரணம் போதும் எனக்கு.

இப்போது காத்திருப்புக் கணக்கு. சாலைப்பணி என்றாலே பிரிட்டனில் மணிக்கு 50 மைல் வரம்பு, குறுகிய தடங்கள், சராசரி வேகத்தைப் பார்க்கும் கேமராக்கள் என்று பழகிவிட்டது. 10 மைல் நீளமுள்ள பணியை எடுத்துக்கொள்வோம். 70 மைலில் போகும் கார் அதை எட்டரை நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் கடக்கும். 50 மைலில் 12 நிமிடம். இழப்பு ஒரு வண்டிக்கு ஏறத்தாழ மூன்றரை நிமிடம். யாரும் இதற்காகப் புகார் எழுதமாட்டார்கள். ஆனால் நாளுக்கு ஒரு லட்சம் வண்டிகள் என்றால் இழப்பு 5,700 மணி நேரம். ஒரே நாளில். லாரிகள் எப்படியும் 56 மைலுக்கு மேல் போகாது, நெரிசல் நேரத்தில் கார்களும் 70-ஐத் தொடாது; ஆகவே இதை மேல்வரம்பாக வைத்துக்கொள்ளலாம். மறுபுறம், தடம் குறைந்து வரிசை கட்டி நிற்கும் நேரத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. அதைச் சேர்த்தால் நெரிசல் நாட்களில் எண் இதைத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கைப் போட அங்கே குவாட்ரோ என்ற மென்பொருளே இருக்கிறது. சாலைப்பணியால் வரும் வரிசையையும் தாமதத்தையும் பணமாக்கிச் சொல்லும். 1980களில் அரசு இன்னொரு வழியும் கண்டது: ஒப்பந்ததாரர் தடத்தை மூடிவைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை கட்ட வேண்டும். வாடகை வந்ததும் வேலைத்திட்டம் தானாகச் சுருங்கியது. சாலையில் போகிறவரின் நேரம் இலவசம் என்று நினைத்திருந்தவரை யாரும் அவசரப்படவில்லை. அதற்கு விலை வைத்ததும் அவசரம் வந்தது. 2020-இல், பாதுகாப்பு இடம்கொடுக்கும் இடங்களில் பணிப்பகுதியின் வரம்பை 60 மைலாக உயர்த்த இங்கிலாந்தின் நெடுஞ்சாலை அமைப்பு முன்வந்தது. மேலே சொன்ன 10 மைலில் அது வண்டிக்கு 2 நிமிடத்தை மீட்டுத் தரும். ஒரு லட்சம் வண்டிகளுக்கு 3,300 மணி நேரம். பலகையில் ஓர் எண்ணை மாற்றியதற்கு இவ்வளவு.

ஆனால் இதே கணக்கு கான்கிரீட்டையும் கேள்வி கேட்கிறது. கான்கிரீட் போடும் பணிதான் பெரிய பணி. நடுப்பகுதி புல்லாக இருந்த இடத்தில் மண்ணை எடுத்து, தளம் போட்டு, வடிகாலை மாற்றி அமைத்து, மின்கம்பிகளை இடம்பெயர்த்த பிறகே சுவர் எழும். எழுப்பும் வேலை மட்டும் பார்க்க அழகானது: வார்ப்பு இயந்திரம் ஊர்ந்துகொண்டே போகும், பின்னால் முறுக்கு அச்சிலிருந்து வருவதுபோல முழுச்சுவரும் வடிவத்தோடு வெளியே வரும். கான்கிரீட்டைப் பிடித்து நிறுத்தும் பலகை அடைப்பு தேவையில்லை. ஒரு கலவை லாரி கொண்டுவரும் 6 கன மீட்டர் கான்கிரீட் இருபது மீட்டர் சுவருக்குத்தான் வரும். கிலோமீட்டருக்கு ஐம்பது லாரிக்குக் குறையாது. அவை வரிசையாக வந்து சேர வேண்டும், இடையில் நின்றுவிடக் கூடாது. ஒரு லாரி நெரிசலில் மாட்டினால் இயந்திரம் நிற்கும். இயந்திரம் நின்ற இடம் சுவரிலேயே தெரியும்.

ஆகவே எஃகைவிடக் கான்கிரீட்டுக்குத் தொடக்க மூடல் நீளமானது, பிந்தைய மூடல்கள் மிகக் குறைவு. எஃகுக்கு நேர்மாறு. இந்த இரண்டையும் எது சமப்படுத்துகிறது என்றால் போக்குவரத்து. ஓர் எஃகு வேலி வருடத்துக்கு எத்தனை முறை இடிபடும் என்பதும், ஒவ்வொரு பழுதுக்கும் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்பதும் வாகன எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறும். வாகனம் இரட்டிப்பானால் இடியும் கூடும், ஒவ்வொரு இடிக்கும் காத்திருப்பவரும் கூடுவார்கள். அதனால் பழுதின் மொத்தச் செலவு இரட்டிப்பைவிட வேகமாக ஏறுகிறது. 25,000 என்று ஒரு கோடு கிழித்ததன் தர்க்கம் இதுதான். கோடு 20,000-இல் இருந்திருக்கலாம், 35,000-இல் இருந்திருக்கலாம். கோடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆயுளையும் பார்க்க வேண்டும். துத்தநாகம் பூசிய எஃகு வேலிக்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் என்று கணக்கு வைப்பார்கள். குளிர்காலம் முழுவதும் பனி உருக உப்புத் தூவும் நாடு அது. வண்டிகளின் டயர் தெளிக்கும் உப்புநீர் நேராகப் போய் விழுவது நடுவேலியின் கம்ப அடியில். மேலே தகடு பளபளப்பாக இருக்கும்போதே மண்ணோடு சேரும் இடத்தில் கம்பம் அரித்துப்போயிருக்கும். 50 ஆண்டில் எஃகுக்கு இரண்டு பிறவி, கான்கிரீட்டுக்கு ஒன்று. அந்த இரண்டாம் பிறவிக்கும் முழு நீளத்துக்கும் சாலையை மூட வேண்டும்.

கான்கிரீட்டின் குறைகளை அதன் ஆதரவாளர்கள் மெல்லிய குரலில் சொல்வார்கள். நான் உரக்கவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் சில இடங்களில் அவை முடிவையே மாற்றக்கூடியவை.

முதலாவது, பயணியின் உடலுக்கு வரும் அதிர்ச்சி. ஈஎன் 1317-இல் அதற்கு ஏ, பி, சி என்று மூன்று வகை. ஏ மிக இதமானது. நெகிழும் எஃகு வேலிகள் ஏ வகையில் வரும், கான்கிரீட் பொதுவாக பி. சின்னக் கோணத்தில் வித்தியாசம் குறைவு. ஆனால் நான்கு தடம் உள்ள அகலமான சாலையில், இடது ஓரத்திலிருந்து குறுக்கே பாய்ந்து வரும் கார் பெரிய கோணத்தில் சுவரைச் சந்திக்கும். அந்த மோதலில் எஃகு வேலிதான் உயிரைக் காக்கும் வாய்ப்பு அதிகம். சுவரில் பட்டுத் திரும்பும் கார் ஓடும் தடத்துக்கே வந்துவிழும் ஆபத்தும் உண்டு. மோட்டார்சைக்கிள்காரருக்கோ நிலைமை வேறு: கம்பங்களே இல்லாத வழவழப்பான சுவர், கம்பம் நிற்கும் வேலியைவிடப் பாதுகாப்பு.

இரண்டாவது, பார்வை. இதை வரைபடத்தில் பார்த்தால்தான் உறைக்கும். பிரிட்டனில் இடப்பக்கம் ஓட்டுவதால் நடுத்தடுப்பு ஓட்டுநருக்கு வலப்பக்கம். வலப்பக்கம் வளையும் சாலையில் விரைவுத் தடத்தில் போகிறவர் முன்னால் இருப்பதைத் தடுப்பின் மேலாகத்தான் பார்க்க வேண்டும். வடிவமைப்பு விதிப்படி மோட்டார்வே வேகத்துக்கு நிறுத்தப் பார்வைத் தூரம் 295 மீட்டர். காரோட்டியின் கண் மட்டம் 1.05 மீட்டர், சாலையில் கிடக்கும் பொருளின் உயரம் 0.26 மீட்டர். நடுவே 0.9 மீட்டர் உயரத்துக்கு இடைவெளியே இல்லாத சுவர். அந்தச் சின்னப் பொருளை அவர் பார்க்க வழியில்லை. நின்றுபோன வரிசையின் கடைசிக் காரின் கூரை தெரியலாம். சாலையில் விழுந்து கிடக்கும் சக்கரம் தெரியாது. வளைவு கூர்மையாக உள்ள இடத்தில் சுவரை உள்ளே தள்ளி, தடத்துக்கும் அதற்கும் நடுவே அகலம் விட வேண்டும். அகலம் இல்லாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். எஃகு வேலியும் கொஞ்சம் மறைக்கும், ஆனால் தகட்டுக்குக் கீழே கண்ணுக்கு இடைவெளி கிடைக்கும்.

மூன்றாவது, தண்ணீர். வளைவில் சாலை ஒருபக்கம் சாய்வாக இருக்கும். மேல்பக்கத்து மழைநீர் முழுவதும் வழிந்து நடுப்பகுதிக்கு வரும். எஃகு வேலியென்றால் கம்பங்களுக்கு நடுவே ஓடிவிடும். சுவர் அணைபோல நிறுத்தும். அடியில் வாய்க்கால் சரியாக அமையாவிட்டால் விரைவுத் தடத்தில்தான் தண்ணீர் தேங்கும். மழையில் 70 மைலில் வரும் காருக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. கான்கிரீட் திட்டங்களில் வடிகால் செலவைக் குறைத்துக் காட்டும் மதிப்பீட்டை நான் நம்பமாட்டேன்.

சிமென்ட்டின் கரியமில வாயு பற்றிய கவலையும் உண்மையானது. மீட்டருக்கு அரை டன்னுக்கு மேல் கான்கிரீட் போகிறது. எஃகை உருக்கி மீண்டும் எஃகாக்கலாம். கான்கிரீட்டை உடைத்தால் சாலை அடியில் போடும் கல்லாகத்தான் பயன்படும். ஆனால் எஃகுக்கு இரண்டு பிறவி என்பதையும், ஒவ்வொரு பழுது இரவிலும் ஊர்ந்து போகும் லாரிகளின் டீசலையும் சேர்க்காமல் இந்த ஒப்பீட்டைச் செய்யக் கூடாது.

கான்கிரீட்டுக்கு ஆதரவாக இன்னொன்று: இடம். மோதும்போது தடுப்பும் வண்டியும் எதிர்ப்பக்கம் எவ்வளவு நீளும் என்பதைச் செயல் அகலம் என்கிறார்கள். படிவடிவச் சுவருக்கு அது 0.8 மீட்டருக்குள். நெகிழும் எஃகுக்கு இதைப்போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் வேண்டும். நடுப்பகுதியில் விளக்குக் கம்பமோ, பாலத்தின் தூணோ, அறிவிப்புப் பலகை தாங்கும் சட்டத்தின் காலோ இருந்தால் அந்த இடைவெளியைத் தேட வேண்டும். கூடுதல் தடம் சேர்த்த திட்டங்களில் நடுப்பகுதியை ஒடுக்கியே இடம் கண்டார்கள்; ஒற்றைக் கான்கிரீட் சுவர் இல்லாமல் அது முடிந்திருக்காது.

மூன்றாவது வாய்ப்பாகக் கம்பிவடத் தடுப்பு ஒன்று உண்டு. விலையில் மலிவு, போடுவது வேகம், மோதும்போது மிக இதம். சுவீடன் 1998 முதல் தன் குறுகிய நெடுஞ்சாலைகளில் இரண்டு தடம் ஒருபுறம், ஒரு தடம் மறுபுறம் என்று மாற்றி மாற்றி அமைத்து நடுவே இதைப் போட்டது. அந்தச் சாலைகளில் உயிரிழப்பு முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. தடுப்பே இல்லாத சாலைக்கு மலிவான தடுப்பு எவ்வளவு பெரிய வரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் வடம் ஒவ்வொரு மோதலிலும் கம்பங்களை இழக்கிறது. பழுது எளிது, அடிக்கடி தேவை. நாளுக்கு ஒரு லட்சம் வண்டி ஓடும் மோட்டார்வேயின் நடுவே அடிக்கடி என்ற சொல்லுக்கே இடம் இருக்கக் கூடாது.

அப்படியானால் எப்போது மாற்றுவது? இதில்தான் பெரும் பணம் வீணாகிறது என்பது என் எண்ணம். நடுத்தடுப்புக்காக மட்டும் ஒரு நீண்ட பாதையை மூடுவதுதான் மிகச் செலவான வழி. அதே பாதைக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளில் மேற்தளம் புதுப்பிக்க வேண்டியிருக்கும், வடிகால் சீர் செய்ய வேண்டியிருக்கும், விளக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனிக் கூம்பு, தனி 50 மைல் பலகை. சாலையில் போகிறவர், போன வருடம்தானே இங்கே தோண்டினார்கள் என்று கேட்பது வெறும் எரிச்சலில்லை. அது சரியான பொருளாதாரக் கேள்வி. லண்டனிலிருந்து மேற்கே போகும் எம்4-இன் 3 முதல் 12 வரையான சந்திப்புகளுக்கு இடைப்பட்ட 32 மைலில் 2018 முதல் 2022 வரை பெரும்பணி நடந்தது. அப்படியொரு நீண்ட தொல்லையை மக்கள் சகித்துக்கொள்ளும்போது, நடுத்தடுப்பும் வடிகாலும் அதே மூடலுக்குள் முடிந்துவிட வேண்டும். இங்கிலாந்தில் புதிய ஸ்மார்ட் மோட்டார்வே திட்டங்கள், அதாவது மின்னணுப் பலகைகளால் வேகத்தையும் தடங்களையும் கட்டுப்படுத்தும் சாலைத் திட்டங்கள், 2023 ஏப்ரலில் கைவிடப்பட்டன. இதன் விளைவு தடுப்புக் கேள்வியிலும் தெரியும்: பெரிய திட்டத்தோடு சேர்ந்து தானாக வந்த கான்கிரீட் இனித் தனியாகத் திட்டமிட்டு வர வேண்டும். ஆகவே மேற்தளப் புதுப்பிப்போடு அதை இணைக்கும் அட்டவணை முன்பைவிட அவசியம்.

பாதை பாதையாக என் முடிவு இது. எம்25, எம்1-இன் தென்பகுதி, எம்6-இன் பர்மிங்காம் பகுதி போன்ற இடங்களில் எஃகு இன்னும் பத்து ஆண்டு தாங்கும் என்றாலும், அடுத்த பெரிய பராமரிப்பு மூடலிலேயே கான்கிரீட் போட்டுவிட வேண்டும். மிச்ச ஆயுளைக் காப்பாற்றுவதால் கிடைக்கும் பணத்தைவிட, ஒரே மூடலில் முடிப்பதால் மிச்சமாகும் பணம் அதிகம். வலப்பக்க வளைவுகளில் மட்டும் பார்வைத் தூரத்தை ஒவ்வொன்றாக அளந்து, போதாத இடத்தில் சுவரை நகர்த்தவோ, அதிகத் தாங்குதிறனுள்ள எஃகைப் போடவோ தயங்கக் கூடாது. எஃகும் கான்கிரீட்டும் சேரும் முனை பலவீனமான இடம் என்பதால் அப்படி மாறும் இடங்களை எண்ணிக்கையில் குறைவாக வைக்க வேண்டும்.

எம்45, எம்50 போன்ற அமைதியான மோட்டார்வேகளை விட்டுவிடலாம். எம்45, எம்1-உடன் சேர்ந்தே 1959-இல் திறந்த சாலை. போக்குவரத்து பிறகு வேறு பாதைகளுக்குப் போய்விட்டது. அங்கே எஃகு வேலி நன்றாகவே வேலைசெய்கிறது. இடி குறைவு, இரவில் ஒரு தடத்தை மூடினால் காத்திருப்பவர் சிலரே. ஆயுள் முடிந்தால் மீண்டும் எஃகே போடலாம். அங்கே செலவழிக்க வேண்டியது கம்ப அடியில் உப்பு அரித்திருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக்கு. தகட்டின் மேற்பரப்பைக் காரில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆய்வு போதாது. இறங்கி, மண்ணை விலக்கி, சில கம்பங்களின் அடியையாவது அளக்க வேண்டும். அந்த அளவு வரும்வரை எஃகுக்கு இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று யாரும் சொல்ல முடியாது. அது தெரியாமல் எந்த அட்டவணையும் போட முடியாது.